டிக்கெட் ஏஜென்ட் வீட்டில் குடித்தனம் நடத்துவது எப்படி

என் கணவர் புதுச்சேரியில் கச்சேரி டிக்கெட் விற்கிறார். போர்டில் ஜெராக்ஸ், ரீசார்ஜ் என்றுதான் இருக்கும், ஆனால் கண்ணாடியில் ஒட்டிய போஸ்டரைப் பார்த்துவிட்டு உள்ளே வருகிறவர்களால்தான் எங்கள் வீட்டு வாடகை போகிறது. இப்போது என் சித்தி மகளின் வீட்டுக்காரரும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இதே வேலையை எடுக்கப் போகிறாராம். அவளுக்கு போனில் துண்டு துண்டாகச் சொன்னதை மொத்தமாக எழுதி வைக்கிறேன். தொழில் அவர்கள் பார்ப்பது, தொல்லை வீட்டுக்கும் சேர்த்துத்தான் வரும்.

முதலில் பணம். டிக்கெட் விற்ற காசு நம் காசு இல்லை. இதற்கு எல்லாரும் தலையாட்டுவார்கள், ஆனால் மேஜை டிராயரில் எண்பதாயிரம் கிடக்கும்போது வீட்டில் ஒரு அவசரம் வந்தால் கை தானாகப் போகும். எங்களுக்குப் போனது. 2011 டிசம்பர், கல்யாணமாகி ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை, புத்தாண்டு இரவு நிகழ்ச்சிக்கு வசூலான பணத்திலிருந்து பன்னிரண்டாயிரம் எடுத்து மாமனாரின் கண் ஆபரேஷனுக்குக் கட்டினோம். 31 ராத்திரி முடிந்தால் கமிஷன் வரும், சரிக்கட்டிவிடலாம் என்று கணக்கு. 30-ஆம் தேதி காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. மரம் விழாத தெரு இல்லை, கரண்ட் இல்லை, கடலூரில் அம்மா வீட்டுக் கூரை என்ன ஆனது என்று கேட்க போன்கூட இல்லை. நிகழ்ச்சி எங்கே நடக்கும்? அமைப்பாளரோ பெரும்பகுதிப் பணத்தை முன்பே வாங்கிக்கொண்டு போயிருந்தார், ஆளைப் பிடிக்க முடியவில்லை.

ஜனவரி 2-ஆம் தேதி கடை திறந்தபோது வாசலில் இருபது பேர். டிக்கெட்டில் அச்சாகியிருப்பது அமைப்பாளர் பெயர்தான், ஆனால் அவர்களுக்குத் தெரிந்த முகம் இவருடையது. என் ரெண்டு வளையலும் அடகுக்குப் போயின.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் டிக்கெட் பணத்துக்குத் தனி பேங்க் கணக்கு, கடையில் தனி க்யூஆர் அட்டை. ரொக்கம் வந்தால் அன்று சாயங்காலமே கணக்கில் போய்விட வேண்டும், பால்காரருக்குச் சில்லறை இல்லை என்றால்கூட அதிலிருந்து எடுக்கக் கூடாது. அமைப்பாளரிடம் பணத்தை மூன்று தவணையாகத்தான் கொடுப்பது, கடைசித் தவணை நிகழ்ச்சி முடிந்த மறுநாள். ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறவரின் டிக்கெட் புத்தகத்தை இவர் வாங்குவதே இல்லை, நஷ்டம்தான், போகட்டும். ரத்தானாலோ தேதி தள்ளினாலோ பணத்தை யார், எத்தனை நாளில் திருப்பித் தருவது என்பதை டிக்கெட்டின் பின்பக்கத்திலேயே அச்சடிக்கச் சொல்லிவிட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் பக்கம் திறந்தவெளிக் கச்சேரி என்றால் ரெட்டிப்பு ஜாக்கிரதை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் வந்து ஒரே நாளில் புதுச்சேரியில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அப்போதும் கையில் ஒரு புத்தகம் இருந்தது. தேதி தள்ளிப் போனது. வேண்டாம் என்றவர்களுக்கு அன்றன்றைக்கே திருப்பிக் கொடுத்தார், வளையல் கையிலேயே இருந்தது.

புத்தகம் என்றேன், அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் எவ்வளவு விற்றாலும் நம்மூரில் அச்சடித்த டிக்கெட்டைக் கையில் வாங்கினால்தான் திருப்தி என்கிற கூட்டம் இன்னும் இருக்கிறது. எங்களுக்கு வருவது 25 டிக்கெட் கொண்ட புத்தகம். கிழித்துக் கொடுத்தபின் நம்மிடம் நிற்பது அடிக்கட்டை. ஆயிரம் ரூபாய் டிக்கெட் புத்தகம் ஒன்று தொலைந்தால் 25,000 ரூபாய் நம் தலையில் விழும், எங்கள் 8 சதவீதக் கமிஷனில் அதைத் திரும்பச் சம்பாதிக்க 300 டிக்கெட்டுக்கு மேல் விற்க வேண்டும். அதனால் புத்தகம் வீட்டுக்கு வந்ததும் முதல் எண், கடைசி எண் ரெண்டையும் நோட்டில் எழுதி, கொண்டுவந்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அது வீட்டம்மாவின் வேலையாக இருந்தால் நல்லது. இவர் கொடுக்கல் வாங்கலில் கெட்டி, ஆனால் பேச ஆரம்பித்தால் எண்ணுவதை மறந்துவிடுவார்.

அடுத்தது பாஸ். ‘அண்ணி, ரெண்டே ரெண்டு பாஸ்’ என்று கொழுந்தனார் கேட்பார், அப்புறம் அவர் ஆபீஸ் மேனேஜர், மேனேஜரின் மச்சினி. நம்மிடம் பாஸ் கிடையாது, அது அமைப்பாளரிடமும் ஸ்பான்சரிடமும் இருப்பது என்று பத்து வருஷம் சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் நம்பவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம். பெரிய நிகழ்ச்சி என்றால் நம் காசில் நாலு டிக்கெட் வாங்கி வைத்துவிட்டு, முதலில் கேட்கிற நாலு பேரோடு ‘பாஸ் தீர்ந்துபோச்சு’ என்று முடித்துக்கொள்வது. பொய்தான், உறவு நிற்கிறதே. ஐந்தாவதாக வருகிறவரை அத்தை பார்த்துக்கொள்வார். “மளிகைக் கடையில போயி ஓசியில பருப்பு கேப்பியாப்பா?” என்பார், அவ்வளவுதான்.

விலை பற்றிக் கேள்வி வந்தால் குழம்ப வேண்டாம். கச்சேரி டிக்கெட் ஆளுக்கு 500 ரூபாய் வரை ஜிஎஸ்டி கிடையாது, தாண்டினால் முழு விலைக்கும் 18 சதவீதம். அதனால்தான் நிறைய டிக்கெட் 499-இல் நிற்கிறது, 600 ரூபாய் டிக்கெட் 708 ஆகிறது. இவர் நடுவில் அடித்துக்கொள்கிறார் என்று நினைக்கிறவர்களுக்கு இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

எத்தனை மணிக்கு முடியும் என்பது இன்னொன்று, கடலூரிலிருந்து வருகிறவர்கள் கட்டாயம் கேட்பார்கள், அவர்களுக்குத் திரும்பிப் போக பஸ் வேண்டுமே. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி இருக்கிறது. விழாக்களுக்காக வருஷத்தில் அதிகபட்சம் 15 நாள் மட்டும் அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம். ஆகவே ‘விடிய விடிய’ என்று போஸ்டரில் போட்டிருந்தாலும் நீங்கள் அப்படிச் சொல்லி விற்காதீர்கள்.

2023 செப்டம்பர் 10-ஆம் தேதி சென்னை பனையூரில் ஏ.ஆர்.ரகுமான் கச்சேரிக்கு டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள் இல்லையா, அதிலிருந்து இங்கேயும் முதல் கேள்வி ‘நாற்காலி உறுதியா?’ என்பதுதான். இவரும் இப்போது எத்தனை நாற்காலி, எத்தனை டிக்கெட், எத்தனை கேட் என்று கேட்டு, மைதானத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டுத்தான் புத்தகம் வாங்குகிறார். தேதியையும் பார்க்க வேண்டும். ஜூன் 21 அன்று பிரெஞ்சுக்காரர்கள் 1982-இல் தொடங்கி வைத்த இசைத் திருநாள், நம்மூரிலும் இலவசமாகப் பாட்டுக் கேட்கலாம். அன்றைக்கு காசு வாங்கும் கச்சேரி வைத்தால் யார் வருவார்கள்?

வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. என் ஓரகத்தி மகள் தன் டிக்கெட்டைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தாள். கேட்டில் ஸ்கேன் செய்கிற பார்கோடு தெளிவாகத் தெரிந்தது. யாரோ அதைக் காட்டி அவளுக்கு முன்னால் உள்ளே போய்விட்டார், இவள் கேட்டில் அழுதாள். டிக்கெட்டை வெளியே காட்டவே கூடாது, காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் கட்டைவிரலால் பார்கோடை மறைத்துக்கொள்ளட்டும்.

நிகழ்ச்சி அன்று ராத்திரி அவரை எதிர்பார்க்காதீர்கள், சாப்பாடு கட்டிக் கொடுத்துவிடுங்கள், தயிர்சாதம் தாங்கும். எங்கள் பையன் சின்ன வயதில் அப்பா தினமும் கச்சேரி பார்க்கிறார் என்று நினைத்துப் பொறாமைப்பட்டான், ஒருநாள் கூட்டிக்கொண்டு போனார். மூன்று மணி நேரம் கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டிரம்ஸ் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்தான்.

மறுநாள் கணக்கு முடிக்கும்போது, விற்காத டிக்கெட்டின் மூலையை அமைப்பாளர் முன்னால் வெட்டி, எண்ணி, கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அடிக்கட்டைகளை ஒரு வருஷமாவது வைத்திருங்கள். எங்கள் வீட்டில் அதற்குமேல் பழையவற்றின் பின்பக்கத்தில் அத்தை பால் கணக்கு எழுதுகிறார்.