புதுச்சேரியில் அசல் தாய்லாந்துச் சாப்பாட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

புதுச்சேரியில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் ஆரோவில் போகிற வழியிலும் பல ஓட்டல்களின் மெனு கார்டில் தாய்லாந்துப் பெயர்கள் இருக்கும். பீட்சாவுக்கும் சில்லி சிக்கனுக்கும் நடுவில் 'தாய் கிரீன் கறி' என்று ஒரு வரி. வாங்கினால், தேங்காய்ப்பாலில் குடைமிளகாயும் பேபிகார்னும் மிதக்க, தித்திப்பாக ஒரு பச்சைக் குழம்பு வரும். அதைச் சாப்பிட்டுவிட்டு, "இந்தச் சாப்பாடு நமக்கு ஒத்துவராது" என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் நிறைய. உண்மையில் நெத்திலி, புளி, பனைவெல்லம், தேங்காய், சுண்டைக்காய் என்று அந்தச் சமையலின் பாதிச் சாமான் நமக்குப் பழகியதுதான். எதை முகர்ந்து பார்ப்பது, எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டால் நல்ல கடையை நாமே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் மெனுவை ஆன்லைனிலேயே பாருங்கள். பீட்சா, பாஸ்தா, சூஷி, தந்தூரி எல்லாம் இருக்கும் இருநூறு அயிட்டம் மெனுவில் தாய்லாந்துச் சமையலுக்கென்று தனிக் கவனம் இருக்காது. அதற்கென்று வாங்கும் இலைகளும் வேர்களும் அங்கே தினமும் செலவாகாமல் வாடிப்போகும். பத்துப் பதினைந்து அயிட்டத்தோடு நிற்கும் சின்ன மெனுவுக்கு முதலிடம் கொடுங்கள். சோம் தம் என்னும் பப்பாளிக்காய் சாலட்டோ, துளசி வகை இலையோடு வதக்கிய இறைச்சியான பட் கப்ராவோ அதில் இருந்தால் நல்ல அறிகுறி. கிரீன் கறி, ரெட் கறி, யெல்லோ கறி மூன்று மட்டும் இருந்து, ஒவ்வொன்றிலும் 'வெஜ், சிக்கன், பிரான்' என்று மாற்றிப் போட்டிருந்தால், மூன்றுமே டப்பாவில் வரும் மசாலா விழுதை, அதாவது பேஸ்ட்டை, தேங்காய்ப்பாலில் கரைத்தவையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

புதுச்சேரிக்கென்றே இன்னொரு குழப்பம் உண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் சாய்கோனில் வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்கள் வழியாக வியட்நாம் சமையல் இங்கே வீடுகளுக்குள்ளேயே வந்துவிட்டது. சுருட்டிப் பொரிக்கும் நெம் அப்படி வந்ததுதான். அருமையான பண்டம், ஆனால் தாய்லாந்துடையது அல்ல. நெம்மையும் ஃபோ என்னும் வியட்நாம் நூடுல்ஸ் சூப்பையும் 'தாய்' என்ற தலைப்பில் போட்டிருக்கும் கடை, மற்றவற்றிலும் வித்தியாசம் பார்க்காது.

அடுத்து போன். காலை 11 மணிவாக்கில், கூட்டம் சேரும் முன் கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்டால் போதும். "சோம் தம் உரல்ல இடிச்சுத் தருவீங்களா?" "டாம் யம்ல போடுறது இஞ்சியா, கலங்கலா?" "மீன் சாஸ் வேண்டாம்னா அதுக்குப் பதிலா என்ன போடுவீங்க?" டாம் யம் என்பது புளிப்பும் காரமுமான சூப், கலங்கல் அதில் போடும் வேர். மூன்றாவது கேள்விதான் முக்கியம். "லைட் சோயா சாஸும் உப்பும்" என்று பதில் வந்தால் சமையல்காரருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. "மீன் சாஸ் நாங்க போடுறதே இல்லையே" என்றால் அங்கே அசைவ அயிட்டம்கூட அசலாக இருக்காது. 'நாம் ப்லா' என்னும் அந்தச் சாஸ், நெத்திலியையும் உப்பையும் சேர்த்து ஓராண்டோ அதற்கு மேலோ ஊறவைத்து வடிப்பது. தாய்லாந்துச் சமையலில் உப்பின் வேலையைப் பெரும்பாலும் அதுதான் செய்கிறது.

"பேஸ்ட் நீங்களே அரைக்கிறீங்களா?" என்று கேட்டு, இல்லை என்றதும் போனை வைத்துவிடாதீர்கள். தாய்லாந்திலேயே சந்தையில் பேஸ்ட் வாங்கிச் சமைக்கும் வீடுகள் ஏராளம். அதைத் தேங்காய்ப்பாலில் எப்படி வதக்குகிறார்கள் என்பதில்தான் ருசி இருக்கிறது.

கடலூரிலிருந்து சுமார் 22 கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போகிறவர்கள் சனி, ஞாயிறு இரவைத் தவிர்க்கப் பாருங்கள். சென்னை, பெங்களூருக் கூட்டம் நிரம்பும் அந்த நேரத்தில் நாலைந்து தட்டுக்கானதை ஒரே வாணலியில் போட்டுப் புரட்டுவார்கள். வார நாளில் இரவு 7 மணிக்குப் போனால் உங்கள் தட்டு தனியாக வதங்கும்.

முதல் தடவை என்ன ஆர்டர் செய்வது?

இரண்டு பேர் என்றால் ஒரு டாம் யம், ஒரு சோம் தம். முதலில் இவ்வளவுதான். இரண்டும் தேறினால் மட்டும் கறிக்கும் சோற்றுக்கும் போங்கள்.

டாம் யம் கிண்ணம் வந்ததும் கரண்டியை எடுக்காமல் முகர்ந்து பாருங்கள். எலுமிச்சைப் புல்லும் மக்ரூட் இலையும் முந்திக்கொண்டு வர வேண்டும். மக்ரூட் இலையை அடையாளம் காண்பது சுலபம்: ஒரே காம்பில் இரண்டு இலை, ஒன்றின் நுனியில் இன்னொன்று ஒட்டியதுபோல் இருக்கும். மணம் நம் நாரத்தை இலைக்குப் பக்கத்தில் நிற்கும், இன்னும் கூர்மையாக. நாரத்தை இலை இடித்த வேப்பிலைக்கட்டி தின்று பழகியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். கிண்ணத்தின் அடியில் வட்ட வட்டமாக வெளிர் நிறத் துண்டுகள் கிடந்தால் அது கலங்கல், நம் அரத்தை இனம். இஞ்சியைவிடக் கெட்டி, கடித்தால் மருந்து வாடை அடிக்கும். புல், இலை, வேர் எதையும் தின்ன வேண்டியதில்லை, ரசத்துக் கறிவேப்பிலை மாதிரி ஒதுக்கிவிடலாம். இவை எதுவுமே கிண்ணத்தில் கண்ணில் படாவிட்டால் பொடியோ பேஸ்ட்டோ போட்டுக் கொதிக்கவைத்த சூப் என்று சந்தேகப்படுங்கள்.

பிறகு புளிப்பு. எலுமிச்சை ரசத்துக்குச் சட்டியை இறக்கிவைத்துத்தானே சாறு பிழிகிறோம்? டாம் யமுக்கும் அதே கணக்கு. அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் கசப்பு ஏறி மணம் போய்விடும். நாக்கின் ஓரத்தில் லேசாகக் கசந்தால் நடந்தது அதுதான். சூப் கரண்டியில் வழவழவென்று ஒட்டி, ஆற ஆற மேலே ஆடை மாதிரி படிந்தால் சோளமாவு கரைத்திருக்கிறார்கள். அது சைனீஸ் சூப் வழக்கம். ஆனால் பால் நிறத்தில் வந்தாலே தப்பு என்று நினைக்க வேண்டாம். தெளிந்த சூப்பை 'நாம் சாய்' என்றும், பாலும் வறுத்த மிளகாய் விழுதும் சேர்த்ததை 'நாம் கோன்' என்றும் தாய்லாந்தில் சொல்வார்கள். இரண்டும் அசல்தான்.

சோம் தமில் காதுக்கும் வேலை இருக்கிறது. ஆர்டர் கொடுத்த சில நிமிடத்தில் சமையலறையிலிருந்து 'டொக், டொக்' என்று சத்தம் கேட்டால் நிம்மதி. மண் உரலில் மர உலக்கையால் பூண்டையும் மிளகாயையும் முதலில் நசுக்கி, காராமணிக் காயையும் தக்காளியையும் லேசாகத் தட்டி, கடைசியில் பப்பாளிக்காய்ச் சீவலைப் போட்டுக் கரண்டியால் புரட்டியபடியே இடிப்பார்கள். காய் நசுங்கிக் கூழாகக் கூடாது. சாறு உள்ளே இறங்கும் அளவுக்குக் கன்ற வேண்டும். மீன் சாஸ், எலுமிச்சை, பனையோ தென்னையோ தரும் சர்க்கரை, வறுத்த வேர்க்கடலை, காய்ந்த இறால். இதில் காய்ந்த இறாலைத்தான் பல கடைகள் விட்டுவிடுகின்றன. கடலூர்க்காரர்கள் தாராளமாகக் கேட்டு வாங்கலாம். கிண்ணத்தில் கலந்து மட்டும் கொடுத்தால் சாறெல்லாம் அடியில் தங்கி, காய் சப்பென்று இருக்கும்.

இவை தேறினால் கிரீன் கறி. மேல்பரப்பில் பச்சை நிற எண்ணெய்ப் பொட்டுகள் மிதக்கின்றனவா பாருங்கள். கெட்டித் தேங்காய்ப்பாலை எண்ணெய் பிரியும்வரை சுண்டவிட்டு, அதில் பேஸ்ட்டை வதக்கினால்தான் அப்படி வரும். பால் ஒரே வெள்ளைப் பச்சையாக இருந்து பச்சைப் பூண்டு வாடை அடித்தால், வதக்காமல் கரைத்துவிட்டார்கள். பாக்கெட் தேங்காய்ப்பாலில் பிரியாமல் இருக்கப் பசை மாதிரி ஒன்று சேர்ப்பதால், சமையல்காரர் தனியாக எண்ணெய் விட்டு வதக்கினாலும் சரியே. நிறம் மங்கலான பச்சையாக இருக்க வேண்டும், பச்சை மிளகாய் அரைத்தால் அதுதான் வரும். குருமா போலக் கெட்டியாக இருக்காது. சுண்டைக்காயும் சின்னக் கத்தரியும் மிதந்தால் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். அங்கே மக்குவா புவாங் என்று போடுவது நம் சுண்டைக்காயைத்தான்.

பாட் தாய் என்னும் வதக்கிய அரிசி நூடுல்ஸ் சிவப்பாக, தித்திப்பாக வந்தால் தக்காளி சாஸ் போட்டிருக்கிறார்கள். அசலில் புளிப்பு வருவது புளியிலிருந்து. நூடுல்ஸ் கூழானால், அரிசி நூடுல்ஸைச் சாதாரண நீரில் ஊறவைக்காமல் வெந்நீரில் போட்டு வைத்துவிட்டார்கள் என்று பொருள்.

பட் கப்ராவில் கொத்திய இறைச்சியோடு போடுவது துளசி வகை இலை. கிராம்பு மாதிரி காரமாக மணக்கும். அதற்குப் பதிலாக இத்தாலியன் பேசில் போட்டால் மணம் தித்திப்பாகத் திரும்பிவிடும். மேலே ஓரம் முறுகலாகப் பொரித்த முட்டை இருக்க வேண்டும்.

சைவக்காரர்கள் கவனிக்க: காய்கறி மட்டும் போட்ட கிரீன் கறியிலும் பேஸ்ட்டுக்குள் இறால் விழுது இருக்கலாம். "மீன் சாஸ் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது, பேஸ்ட்டைப் பற்றியும் கேளுங்கள். வேர்க்கடலை, இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் உட்கார்ந்ததுமே சொல்லிவிடுவது நல்லது, உரலில் முந்தைய தட்டின் மிச்சம் இருக்கும்.

கடைசியாக மாம்பழமும் ஒட்டரிசியும். நம் பக்கம் ஏப்ரல் முதல் ஜூன் வரை கேளுங்கள்; டிசம்பரில் வேண்டாம், பழம் சரியாக இருக்காது. ஒட்டரிசியைப் பல மணி நேரம் ஊறவைத்து ஆவியில் வேகவைத்து, சூட்டோடு உப்பும் சர்க்கரையும் சேர்த்த தேங்காய்ப்பாலை ஊற்றி மூடிவைப்பார்கள். அதனால் "இன்னைக்கு ஊறப்போடலை, இல்லைங்க" என்று சொல்லும் கடையை நம்பலாம். ஃபிரிட்ஜில் இருந்து ஜில்லென்று எடுத்து வைத்தால் அரிசி கல் மாதிரி இறுகியிருக்கும். தட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெதுவெதுப்பாக ஆவி காட்டித் தரச் சொல்லுங்கள்.