புதிய லினக்ஸுக்குத் தனி மெய்நிகர் வட்டு: பார்ட்டிஷன் பிரிக்கும் முறை

சேலம் கன்னங்குறிச்சியில் என் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் சில கல்லூரி மாணவர்கள் கூடி, 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்' வழிமுறைப்படி மூலநிரலிலிருந்து தங்களுக்கென ஒரு லினக்ஸைக் கட்டிப் பழகுகிறார்கள். மடிக்கணினிக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினியில், ஏற்கெனவே நிறுவிய லினக்ஸிலிருந்தே இந்த வேலை நடக்கும். ஏற்காட்டிலிருந்து பேருந்தில் இறங்கி வரும் ஒரு மாணவர், சென்ற மழைக்காலத்தில் வட்டின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றித் தட்டியதால், ஓடிக்கொண்டிருந்த உபுண்டு லினக்ஸின் பார்ட்டிஷன் (வட்டுப் பிரிவு) அட்டவணையையே அழித்துவிட்டார். அவருடைய இரண்டு வார உழைப்பு அதோடு போயிற்று. அன்றிலிருந்து, கட்டப்போகும் அமைப்புக்குத் தனியாக இரண்டாவது மெய்நிகர் வட்டு ஒன்றை இணைத்த பிறகே யாரையும் அடுத்த படிக்கு விடுகிறேன்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும்.

முதலில் மெய்நிகர் கணினியை அணைத்துவிட்டு, அதை இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளின் சேமிப்பகப் பகுதியில் 30 ஜிபி அளவுள்ள புதிய வட்டைச் சேருங்கள். மிகச் சிறிய அமைப்புக்கு 10 ஜிபி போதும். ஆனால் பின்னர் வரைகலைத் திரை, உலாவி என்று சேர்க்க நினைப்பவர்களுக்கு 30 ஜிபிதான் வசதி. வட்டின் வகையாக 'தேவைக்கேற்ப வளர்வது' என்பதைத் தேர்ந்தால், உண்மையில் எழுதப்படும் அளவுக்கே மடிக்கணினியில் இடம் பிடிக்கும். ஆனால் உள்ளே கோப்புகளை அழித்தாலும் அந்த வட்டுக்கோப்பு தானாகச் சுருங்காது என்பதால், மடிக்கணினியில் போதிய காலியிடம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கணினியை இயக்கியதும், வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையைக் கொடுங்கள். சாட்டா இணைப்பென்றால் பழைய வட்டு எஸ்டிஏ (sda) என்றும் புதியது எஸ்டிபி (sdb) என்றும் பெரும்பாலும் தெரியும். பெயரை மட்டும் நம்பாமல் அளவையும் பாருங்கள். இதற்காகவே, புதிய வட்டின் அளவு பழையதன் அளவிலிருந்து மாறுபட்டிருக்கும்படி வைக்கச் சொல்கிறேன். புதிய வட்டின் கீழ் எந்தப் பார்ட்டிஷனும் இருக்கக்கூடாது. இருந்தால் கையை எடுத்துவிட்டு மறுபடி சரிபாருங்கள்.

பிரிக்கப்போகும் பார்ட்டிஷன்களின் அளவுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகு, புதிய வட்டின் பெயரோடு, பார்ட்டிஷன் பிரிக்கும் கருவியான எஃப்டிஸ்க்கைத் திறக்கவும். ஜி (g) விசை ஜிபிடி முறையில் புதிய பார்ட்டிஷன் அட்டவணையை உருவாக்கும். பழைய எம்பிஆர் முறையில் முதன்மைப் பார்ட்டிஷன்கள் நான்குக்கு மேல் இருக்க முடியாது. ஜிபிடியில் வழக்கமாக 128 வரை இடம் உண்டு. மெய்நிகர் கணினியில் இஎஃப்ஐ என்னும் புதிய தொடக்க முறை தேர்வு செய்யப்படாமல் பழைய பயாஸ் முறையில் தொடங்குவதாக இருந்தால், ஜிபிடி வட்டில், லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் தன் நிரலை வைக்க 1 எம்பி அளவுள்ள சிறு பார்ட்டிஷன் ஒன்று தேவை. இதை மறந்தவர்கள் கடைசி நாளில், கிரப்பை நிறுவும்போதுதான் உணர்கிறார்கள். 'என்' (n) விசையை அழுத்தி, தொடக்கமாக அது காட்டும் 2048 ஆம் செக்டாரை அப்படியே ஏற்று, முடிவிடத்தில் கூட்டல் குறியோடு 1எம் என்று தாருங்கள். பின்னர் டி (t) விசையால் வகை எண் 4 ஐ அளியுங்கள். இந்தப் பார்ட்டிஷனில் கோப்பு முறைமை எதையும் உருவாக்கக்கூடாது.

அடுத்து ஸ்வாப்புக்கு (நினைவகம் போதாதபோது வட்டில் பயன்படும் இடம்) 2 ஜிபி ஒதுக்கி, வகை எண் 19 கொடுங்கள். மெய்நிகர் கணினிக்கு 4 ஜிபி நினைவகம் மட்டுமே தர முடிகிற மடிக்கணினிகளில், ஜிசிசி கம்பைலர் போன்ற பெரிய தொகுப்புகளைக் கம்பைல் செய்யும்போது இது கைகொடுக்கும். மீதி முழுவதையும் ரூட்டுக்கு, அதாவது புதிய அமைப்பின் கோப்புகள் இருக்கும் பார்ட்டிஷனுக்கு, விடுங்கள். ரூட்டைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு: பிற்பாடு வட்டைப் பெரிதாக்கினால், புதிய இடம் வால்பகுதியில் சேரும், ரூட்டை அதற்குள் எளிதாக நீட்டலாம், ஸ்வாப் இடையில் நின்றால் அதை முதலில் அகற்ற வேண்டியிருக்கும். பூட், ஹோம் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரிப்பது முதல் முறை கட்டுபவருக்குத் தேவையற்ற சிக்கல் என்பது என் கருத்து.

இதுவரை செய்தவை நினைவகத்தில் மட்டுமே இருக்கின்றன. பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகும் வரை வரைவைத் திருத்தலாம் அல்லவா, அதைப் போல, டபிள்யூ விசையை அழுத்தும் வரை வட்டில் எதுவும் மாறாது. பி (p) விசையால் அட்டவணையைத் திரையில் வரவழைத்துத் தாளோடு ஒப்பிடுங்கள். ஐயம் இருந்தால் க்யூ விசையால் வெளியேறி மீண்டும் தொடங்குங்கள்.

எழுதி முடித்ததும் மூன்றாவது பார்ட்டிஷனில் எம்கேஎஃப்எஸ் மூலம் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையையும், இரண்டாவதில் எம்கேஸ்வாப் மூலம் ஸ்வாப்பையும் உருவாக்கி, ஸ்வாப்பான் கட்டளையால் ஸ்வாப்பை இயக்குங்கள். பிறகு எம்என்டியின் கீழ் எல்எஃப்எஸ் என்ற அடைவை உருவாக்கி, ரூட் பார்ட்டிஷனை அங்கே மவுண்ட் செய்யுங்கள், அதாவது இணையுங்கள். கணினியை மறுதொடக்கம் செய்யும் ஒவ்வொரு முறையும் இந்த மவுண்ட்டையும், அந்த அடைவின் பாதையைத் தாங்கும் எல்எஃப்எஸ் (LFS, பெரிய எழுத்துகளில்) மாறியையும் மீண்டும் அமைக்க வேண்டும். மாறி காலியாக இருக்கும்போது நிர்வாகி (ரூட்) உரிமையோடு நிறுவும் கட்டளையைக் கொடுத்தால், கோப்புகள் பழைய லினக்ஸுக்குள்ளேயே போய் விழும்.

அதிகமானோர் சிக்கிக்கொள்ளும் இடம் இதற்குப் பின்னால் வருகிறது. வேலை முடிந்து பழைய வட்டைக் கழற்றினால், எஸ்டிபியாக இருந்தது எஸ்டிஏ ஆகிவிடும். பெயரை நம்பி எழுதிய அமைப்பு தொடங்காது. ஆகவே பிஎல்கேஐடி கட்டளை காட்டும் அடையாள எண்களைப் பயன்படுத்துங்கள். தொடங்கும்போது மவுண்ட் செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில், கோப்பு முறைமையின் அடையாள எண்ணான யுயுஐடி செல்லும். ஆனால் கிரப்பில் கெர்னலுக்கு (லினக்ஸின் மையக்கருவுக்கு) தரும் ரூட் மதிப்பில், இனிட்ராம்எஃப்எஸ் (தொடக்கத்தில் நினைவகத்தில் ஏற்றப்படும் தற்காலிகக் கோப்பு முறைமை) இல்லாத அமைப்பென்றால் பார்ட்டிஷனின் அடையாள எண்ணான பார்ட்யுயுஐடிதான் வேலை செய்யும், ஏனெனில் கெர்னலால் தனியாகப் பார்ட்டிஷன் அட்டவணையின் அடையாளத்தை அறிய முடியும், கோப்பு முறைமையின் யுயுஐடியைத் தேடிக் கண்டறிய முடியாது. அத்தகைய அமைப்பில் வட்டுக்கான டிரைவரையும் எக்ஸ்ட்4 ஆதரவையும் தனியே ஏற்றப்படும் மாட்யூலாக வைக்காமல் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துவிட வேண்டும்.

மலையில் மழை பெய்யும் நாட்களில் மின்சாரம் சொல்லாமல் போகும் என்பதால், பார்ட்டிஷன் வேலை முடிந்ததும் ஒரு முறை, டூல்செயின் (கட்டுவதற்கான கருவித் தொகுப்பு) முடிந்ததும் ஒரு முறை மெய்நிகர் கணினியை முறையாக அணைத்து, புதிய வட்டுக்கோப்பை வெளிவட்டில் நகலெடுத்து வையுங்கள். தனி வட்டாக இருப்பதால் அந்த ஒரு கோப்பை நகலெடுத்தால் போதும்.