வாசல் திறக்குமுன் வாங்கிய விரிவாக்கம்

பாளையங்கோட்டையிலுள்ள என் அண்ணன் மகன் ‘எல்டன் ரிங்’ என்ற கணினி விளையாட்டுக்கு 2024இல் வெளிவந்த ‘ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ’ விரிவாக்கத்தை, அதாவது மூல விளையாட்டோடு சேர்த்து ஆடும் கூடுதல் பகுதியை, ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கி, விடிய விடியத் தரவிறக்கிவிட்டு, “துட்டக் கட்டியாச்சு சித்தப்பா, வாசலத்தான் காங்கல” என்று என்னிடம் வந்து நின்றான். மூல விளையாட்டில் வரும் ராடான், மோக் என்ற இரு பெரிய எதிரிகளையும் வீழ்த்திய பிறகு, மோக்கின் அரண்மனையில் ஒரு கூட்டிலிருந்து தொங்கும் வாடிய கையைத் தொட்டால்தான் அந்தப் புதிய நிலத்துக்குள் நுழைய முடியும். மோக்கைச் சந்திக்காமலேயே மூலக் கதையை முடித்துவிடலாம் என்பதால், கதையை முடித்தவனான இவன் அந்த அரண்மனைப் பக்கமே போயிருக்கவில்லை. தாமிரபரணிப் பாசனத்தில் வயல் வாங்குகிறவர் மண்ணைப் பார்க்குமுன் வண்டிப்பாதை உண்டா என்று விசாரிப்பார். விரிவாக்கம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதை விசாரிப்பதில்லை.

என் பார்வையில் இதைவிடப் பெரிய தவறு, இலவசமாகக் கிடைப்பதையும் விலை கொடுத்து வாங்குவதையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதாகும். 2012இல் வெளிவந்த ‘டையாப்லோ 3’ விளையாட்டில் நல்ல ஆயுதங்கள் கிடைப்பதில்லை என்ற மனக்குறையைப் பெருமளவு தீர்த்த மாற்றங்கள், 2014 மார்ச்சில் ‘ரீப்பர் ஆஃப் சோல்ஸ்’ விற்பனைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பே, விரிவாக்கத்தை வாங்காதவர்களுக்கும் இலவசப் புதுப்பிப்பாக வந்துவிட்டன. ஐந்தாம் அங்கமும் குருசேடர் என்ற புதிய வீரனும் வீரர்கள் எட்டக்கூடிய உச்ச நிலை அறுபதிலிருந்து எழுபதாக உயர்வதும் வேண்டியவர்கள்தாம் பணம் கட்ட வேண்டியிருந்தது. ‘சைபர்பங்க் 2077’ விளையாட்டிலும் 2023 செப்டம்பரில் இதுவே நடந்தது: வீரனின் திறன்களைப் படிப்படியாக வளர்க்கும் ‘திறன் மரங்களையும்’ காவலர் துரத்தும் முறையையும் மாற்றியமைத்த 2.0 புதுப்பிப்பு இலவசம். சில நாள் கழித்து வந்த ‘ஃபேண்டம் லிபர்ட்டி’ கதைக்குத்தான் விலை. ஆகவே, சலித்துப்போன விளையாட்டைச் சரிசெய்யும் என்று நம்பி விரிவாக்கத்தை வாங்க நினைப்பவர், மூல விளையாட்டைப் புதுப்பித்து இரண்டு மாலை ஆடிப் பார்த்த பிறகு முடிவு செய்வது நல்லது. அப்போதும் சண்டை பிடிக்கவில்லையென்றால், அதே சண்டையைப் புதிய ஊரில் போடுவதற்கு ஏன் செலவழிக்க வேண்டும்?

எந்தக் கருவியில் ஆடுகிறோம் என்று பார்க்காமல் வாங்குவோரும் உண்டு. ‘ஃபேண்டம் லிபர்ட்டி’ பிளேஸ்டேஷன் 4இல் ஓடாது. கணினியில் வாங்கிய விரிவாக்கம் பிளேஸ்டேஷனிலுள்ள விளையாட்டோடு சேராது. ‘விட்சர் 3’ போன்ற பழைய விளையாட்டை இனிமேல்தான் வாங்கப்போகிறவர்கள், இரண்டு விரிவாக்கங்களும் அடங்கிய முழுப் பதிப்பின் தள்ளுபடி விலையைப் பார்க்காமல் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்ப்பதும் வீண் செலவே.

பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற தைரியத்தில் வாங்குவோர் அதற்கான விதியை ஒருமுறை படித்துக்கொள்ள வேண்டும். ஸ்டீமில் பதினான்கு நாளுக்குள் கேட்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். விரிவாக்கத்தை வாங்கிய பிறகு மூல விளையாட்டை இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகவே ஆடியிருக்க வேண்டும் என்பதைத்தான் கவனிப்பதில்லை. வாசலைத் தேடியே இரண்டு இரவுகளைக் கழித்த என் அண்ணன் மகன், விரிவாக்கத்துக்குள் கால் வைக்காமலேயே அந்த எல்லையைத் தாண்டியிருந்தான். இப்போது தினமும் டியூஷன் முடிந்து வந்து மோக்கிடம் தோற்றுக்கொண்டிருக்கிறான்.