ஷட்டர் பொத்தானை முதலில் பாதி அழுத்துங்கள்

கையடக்க டிஜிட்டல் கேமராவில் ஷட்டர் பொத்தானை ஒரேயடியாக அழுத்தாமல், பாதி வரை அழுத்தி, திரையில் பச்சைக் கட்டம் தோன்றிய பிறகு மீதியை அழுத்துங்கள். வெயிலில் திரை தெரியாவிட்டால் ‘பீப்’ ஒலியே போதும். ஃபோகஸையும் வெளிச்சத்தையும் கணக்கிடத்தான் கேமராவுக்கு நேரம் பிடிக்கிறது என்பதால், அதை முன்பே முடித்துவிட்டால் படம் உடனே பதிவாகும். ஒகேனக்கல்லில் உறவினரை ஓரமாக நிறுத்தி அருவியையும் சேர்த்து எடுக்க வேண்டுமென்றால், அவர் முகத்தை நடுவில் வைத்துப் பாதி அழுத்தி, விரலை எடுக்காமலேயே கேமராவைத் திருப்பிக்கொள்ளலாம். இல்லையேல் தண்ணீர் தெளிவாகவும் முகம் மங்கலாகவும் விழக்கூடும்.

நம்மை நோக்கி வரும் பரிசலைப் படமெடுக்க இது உதவாது, ஏனெனில் ஃபோகஸ் நிலைத்த தூரத்தைவிட்டு அது அதற்குள் நகர்ந்திருக்கும். ஃபோகஸ் மாறாத மலிவு விலைக் கேமராக்களிலும் இதனால் பயனில்லை.