கீழே பொங்கிய கேக் மேலே அமுங்கியது

சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருந்தவரை என் வெண்ணெய் கேக் மேல் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே இருந்தது. மைதா 200 கிராம், சர்க்கரை 180, வெண்ணெய் 150, முட்டை மூன்று, பால் கால் டம்ளர், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன். 180 டிகிரியில் நாற்பது நிமிடம். ஒரு தடவைகூடக் காலை வாரியதில்லை. அப்புறம் வீட்டுக்காரருக்கு ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. கேக் சுடும் மின்னடுப்பான ஓடிஜியைப் பழைய கம்பளியில் சுற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் மடியில் பிடித்துக்கொண்டே மலையேறினேன். குடிபோன வாரமே அதே கேக்கைப் போட்டேன்.

பதினைந்தாவது நிமிடம் மாவு டின் விளிம்புக்கு மேலே தலையை நீட்டியது. இருபதில் ஒரு பக்கம் வழிந்து, கீழ்க்கம்பியில் சொட்டிக் கருகியது. முப்பதில், நான் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நடுப்பாகம் மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. கருகல் வாசனைக்குப் பக்கத்து வீட்டு டீச்சரம்மாவே வந்துவிட்டார்.

"பவுடர் எவ்வளவு கண்ணு போட்டே?"

"ஒன்றரை ஸ்பூனுங்க. எப்பவும் போடற அளவுதான்."

"அது கீழ ஊர்க் கணக்கு. இங்க ஒரு ஸ்பூன் போதும். சர்க்கரையையும் கொறைச்சுப் போடு."

ஏற்காட்டில் ஆறு வருடம், இப்போது திரும்பவும் சேலம். ஒரே கேக்கை இரண்டு இடத்திலும் கெடுத்துக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

மலையில் கேக் ஏன் அமுங்குகிறது

சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. ஏற்காடு சுமார் 1500 மீட்டர். மேலே காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் பேக்கிங் பவுடரிலிருந்து வரும் வாயு கீழே இருப்பதைவிட அதிகமாக உப்பும். முட்டையும் மைதாவும் வெந்து இறுகுவதற்குள்ளேயே குமிழிகள் பெரிதாகி உடைந்துபோகும். தாங்க ஆள் இல்லாத பந்தல் மாதிரி கேக் உட்கார்ந்துவிடும். இன்னொன்று, அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஈரம் சீக்கிரம் ஆவியாகிறது, மிஞ்சும் மாவில் சர்க்கரையின் விகிதம் ஏறுகிறது. சர்க்கரை ஏறினால் கேக் இறுகுவது இன்னும் தள்ளிப்போகும்.

நான் கடைசியில் வந்து நின்ற அளவு இது: ஒரு ஸ்பூன் பேக்கிங் பவுடர் சொன்னால் முக்கால் ஸ்பூன். ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு மேசைக்கரண்டி குறைவு. பாலில் இரண்டு மேசைக்கரண்டி கூடுதல். சூடு பத்து டிகிரி கூட்டி, நேரத்தில் ஐந்து நிமிடம் குறைவு. சூட்டைக் கூட்டுவது எதற்கென்றால், குமிழி உடைவதற்கு முன்பே ஓரங்கள் இறுக வேண்டும். முட்டையையும் நுரை தள்ளத் தள்ள அடிக்க வேண்டாம், அடித்து ஏற்றும் காற்றும் அங்கே அதிகமாகத்தான் உப்பும். இதையெல்லாம் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். முதல் தடவை பவுடரை மட்டும் குறைத்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதுவே போதும்.

குக்கீஸுக்கு மலை அவ்வளவு தொல்லை தராது. அதற்குத் தொல்லை சேலத்து வெயில்தான், வருகிறேன்.

குழியை அறுத்துப் பாருங்கள்

நடுவில் குழி விழுந்தால் உடனே பவுடர் மேல் பழி போடக் கூடாது. கேக்கை நடுவில் அறுத்து முகத்தருகே கொண்டுபோய்ப் பாருங்கள். குழியின் கீழே களிபோல ஈரமாக, விரலில் ஒட்டினால் அது வேகவில்லை என்று பொருள். சீக்கிரம் எடுத்துவிட்டீர்கள், அல்லது பாதியில் கதவைத் திறந்தீர்கள். முழுவதும் வெந்து, ஆனால் துளைகள் பெரிது பெரிதாக, தேன்கூடு மாதிரி இருந்தால் அதுதான் பவுடர் அதிகம். அடியில் மட்டும் ஒரு விரல் உயரத்துக்குப் பளபளவென்று அடர்த்தியான பட்டை இருந்தால், வெண்ணெயும் சர்க்கரையும் சரியாக நுரைக்கவில்லை, அல்லது பால் கூடிப்போயிற்று. மேலிருந்து கீழாகப் புழு போன மாதிரி நீளத் துளைகள் இருக்கிறதா? மைதா போட்ட பிறகு ஆசை தீர அடித்திருக்கிறீர்கள். மைதா விழுந்தபின் வெள்ளை மறையும்வரை மடித்துக் கலக்கினால் போதும், அதற்குமேல் ஒரு சுற்றும் வேண்டாம்.

குச்சி விட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் முக்கால்வாசி நேரம் ஆவதற்கு முன் கதவைத் திறக்காதீர்கள். நடுவில் விரலால் மெல்ல அழுத்தினால் எழும்பி வர வேண்டும், ஓரம் டின்னை விட்டு லேசாக விலகியிருக்க வேண்டும். எனக்குக் குச்சியைவிட இந்த இரண்டில்தான் நம்பிக்கை.

கேக் ஏறவே இல்லை, கல் மாதிரி இருக்கிறது என்றால் பவுடர் செத்துவிட்டதா என்று பாருங்கள். அரை டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் பேக்கிங் பவுடரைப் போட்டால் சீறிக்கொண்டு பொங்க வேண்டும். ஆப்ப சோடாவுக்கு வெந்நீர் போதாது, எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள் நிறைய. சோடா மூன்று நான்கு மடங்கு வேகம், புளிப்பு இல்லாமல் வேலையும் செய்யாது. தயிரோ மோரோ நாட்டுச்சர்க்கரையோ இல்லாத கேக்கில் சோடாவைப் போட்டால் சோப்பு ருசி வரும். தயிர் சேர்த்துக் கலந்த மாவை உடனே அடுப்பில் வைத்துவிட வேண்டும். போன் பேசிவிட்டு வந்தால் பொங்கிய வாயு போன இடம் தெரியாது.

உச்சியில் எரிமலை மாதிரி வெடித்துப் பிளந்தால் சூடு அதிகம், அல்லது டின் சின்னது. மேல்தோல் முதலில் இறுகிவிட, உள்ளிருந்து வருகிற மாவு அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. ருசிக்கு ஒன்றும் கேடில்லை.

கப் என்று ஒரு ஏமாற்று

சேலம் திரும்பிய பிறகு தெருவில் நான்கு பெண்கள் சேர்ந்து கேக் செய்து பார்ப்போம். ஒரு நாள் ஒரே மைதா, ஒரே 240 மில்லி கப், ஆளுக்கு ஒரு கப் அள்ளித் தராசில் வைத்தோம். நான் கரண்டியால் தூவி நிரப்பி மேலே வழித்தேன், 124 கிராம். எதிர்வீட்டு அக்கா டப்பாவுக்குள் கப்பை விட்டு அழுத்தி அள்ளினார், 158. அவர் கேக் மட்டும் எப்போதும் விக்கல் எடுக்கவைக்கும் என்று நாங்கள் மறைவில் பேசிக்கொள்வோம். காரணம் அன்றுதான் தெரிந்தது. இரண்டு கப் மைதா போடும் கேக்கில் அறுபது, எழுபது கிராம் அதிகம் விழுந்தால் எந்தக் கேக்தான் காயாது?

ஒரு சமையல் தராசு வாங்குங்கள். புது டின், புது எசன்ஸ் எல்லாம் அதற்கு அப்புறம். முட்டையும் அப்படித்தான், ஓடு நீங்க ஐம்பது கிராம் என்பது குறிப்பின் கணக்கு. சின்ன நாட்டு முட்டை என்றால் மூன்றுக்குப் பதில் நான்கு தேவைப்படலாம்.

ஓடிஜி சொல்வதை நம்பாதீர்கள்

திருகும் குமிழை 180க்குத் திருப்பினால் உள்ளே 180 இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. உள்ளே தொங்கவிடும் வெப்பமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அது இல்லாதவர்களுக்கு ஒரு வழி: சர்க்கரை 186 டிகிரி வாக்கில் உருகும். சின்னக் கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் சர்க்கரையை வைத்து, 180இல் பதினைந்து நிமிடம் விடுங்கள். உருகினால் உங்கள் ஓடிஜி அதிகச் சூடு. உருகாவிட்டால் 190க்கு ஏற்றி இன்னொரு பதினைந்து நிமிடம். அப்போதும் உருகவில்லையா, அது குறைவாகச் சுடுகிறது.

ஏற்காட்டில் மழைக்காலச் சாயங்காலங்களில் எங்கள் வீட்டில் வோல்டேஜ் இறங்கிவிடும். 230 வோல்ட்டுக்குச் செய்த ஓடிஜி 200 வோல்ட்டில் முக்கால் பங்கு சூடுதான் தரும். ஒன்றரை மணி நேரம் வைத்தும் வெளுத்துக் கிடந்த கேக்கின் ரகசியம் அதுதான். பிறகு காலை பத்து மணிக்கே சுட்டு முடித்துவிடுவேன். பாதியில் மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் சூடு பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும். கேக் ஏறி மேல்புறம் இறுகிவிட்டிருந்தால், அதற்குமேல் காத்திராமல் டின்னைச் சுடவைத்த குக்கருக்கு மாற்றிப் பிழைக்க வைக்கலாம். கேஸ்கெட்டும் விசிலும் கழற்றிய குக்கர், அடியில் உப்பு, அதன்மேல் ஒரு ஸ்டாண்டு. குக்கரில் மேலிருந்து சூடு வராது, ஆகவே மேலே சிவக்கும் என்று காத்திருந்தால் அடி தீய்ந்துவிடும்.

வெண்ணெயும் சேலத்துச் சித்திரையும்

"அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்" என்று குறிப்பில் போட்டிருப்பார்கள். அது எழுதினவர் வீட்டு அறை, சுமார் 20 டிகிரி. சித்திரையில் சேலத்தில் வெளியே 39, 40 அடிக்கும். அந்த நாளில் வெண்ணெயை அரை மணி நேரம் மேடைமேல் வைத்தால் சாம்பாருக்குத் தாளிக்கலாம். உருகின வெண்ணெய் காற்றைப் பிடிக்காது, எனவே கேக் கனக்கும். குக்கீஸோ அடுப்புக்குள் போன உடனே ஓடி ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தோசையாகிவிடும்.

பிரிட்ஜிலிருந்து எடுத்துச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, பத்து நிமிடம் மட்டும் வெளியே வையுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் மினுமினுப்பு ஏறக் கூடாது. ஏறிவிட்டால் திரும்பப் பிரிட்ஜுக்குள். அடிக்கும் பாத்திரத்தை ஐஸ் தண்ணீர்த் தட்டில் வைத்துக்கொள்வது சித்திரை, வைகாசியில் என் வழக்கம். பிசைந்த குக்கீஸ் மாவை ஒரு மணி நேரம் பிரிட்ஜில் வைத்து, ஆறின தட்டில் மட்டும் அடுக்குங்கள். முதல் தட்டு வெளியே வந்த சூட்டோடு இரண்டாவது ஈட்டை வைத்தால், அடுப்புக்குள் போகும் முன்பே வெண்ணெய் இளகிவிடும்.

எவ்வளவு பழகினாலும் முதலில் ஒரே ஒரு குக்கீயைச் சுட்டுப் பார்ப்பேன். பரந்து ஓடினால் மாவில் ஒரு மேசைக்கரண்டி மைதா. உருண்டை அப்படியே மேடாக நின்றால் மைதா அதிகம், ஒரு ஸ்பூன் பால் விட்டு, தட்டிவிட்டுச் சுடுங்கள். வெண்ணெய்க்குப் பதில் நெய் போடுகிறவர்கள் 100 கிராமுக்கு 80 கிராம் போதும் என்பதை மறக்க வேண்டாம். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர், நெய்யில் அது கிடையாது.

ஏற்காட்டு மார்கழியில் இதற்கு நேர்மாறு. வெண்ணெய் கட்டை, முட்டை பனிக்கட்டி, சேர்த்து அடித்தால் கலவை திரிந்து தயிர்போல் பிரியும். பதற வேண்டாம். பாத்திரத்தை வெந்நீர்மேல் அரை நிமிடம் பிடித்து அடியுங்கள், ஒரு ஸ்பூன் மைதாவும் தூவுங்கள், கூடிவிடும். முட்டையை முன்கூட்டியே வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டுவைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

குக்கீஸை அடுப்பிலிருந்து எடுக்கும்போது நடுவில் மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று மேலும் ஐந்து நிமிடம் வைத்துத்தான் பலர் பல்லை உடைக்கிறார்கள். ஓரம் சிவந்ததும் எடுத்துத் தட்டிலேயே ஆறவிடுங்கள், தானாக இறுகும். முழுதும் ஆறாமல் டப்பாவில் போட்டு மூடினால் நமத்துவிடும். மேலே பனிமூட்ட நாட்களில் டப்பாவைத் திறந்து வைத்தாலே போதும், அதே கதி. நமத்ததை 150 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டினால் மொறுமொறுப்பு திரும்பும்.

சேலத்துக்காரி என்ற பெருமையில் ஒரு முறை மைதாவில் பாதியை எடுத்துவிட்டு மரவள்ளி மாவைப் போட்டேன். வந்தது கேக் இல்லை, ரப்பர்.

கிறிஸ்துமஸ் பிளம் கேக்கில் பழமெல்லாம் அடியில் போய் உட்கார்ந்தால், மாவு தளர்வு அல்லது துண்டு பெரிது. செர்ரியின் பாகைக் கழுவித் துடைத்து, திராட்சை அளவுக்கு நறுக்குங்கள். மைதாவில் புரட்டுவது கொஞ்சம் உதவும், தளர்ந்த மாவை அது காப்பாற்றாது.

அந்த முதல் நாள் கேக்கை நான் குப்பையில் போடப் போனபோது டீச்சரம்மா விடவில்லை. வெந்திருக்கும் கேக் குழி விழுந்ததற்காக வீணாவதில்லை. வழிந்த ஓரத்தைக் கத்தியால் சீவினார். வீட்டிலிருந்து அவர் போட்ட ஆரஞ்சு ஜாம் கொண்டுவந்து, இரண்டு ஸ்பூன் வெந்நீரில் தளர்த்தி, கேக் நன்றாக ஆறிய பிறகு குழி நிறைய ஊற்றினார். ஒரு மணி நேரம் ஊறட்டும் என்றார். வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து சாப்பிட்டுவிட்டு, நடுவில் பள்ளம் வைத்துச் செய்ய எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்.