கடையில் வரும் தமிழ் இணையதளத்தில் ஏன் திக்குகிறது?

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு விற்கும் கடை ஒன்றின் இணையதளத்துக்கான வாசகங்களைத் திருத்தித் தரச் சொல்லி அண்மையில் என்னிடம் கொடுத்தார்கள். முதல் வரி: ‘ஆன்மிக ஒளியை உங்கள் இல்லத்திற்குக் கொண்டுவருவதில் நாங்கள் பெருமிதம் கொள்கிறோம்.’ நான்கு பத்தி தாண்டியும் விளக்கு எத்தனை அடி, எத்தனை கிலோ என்ற பேச்சே இல்லை. பித்தளை விளக்கு வாங்க வருபவர் முதலில் கேட்பதே அதைத்தான்.

கடைக்காரரையே பேசவிட்டேன். “காவிரி வண்டல் மண்ணில் அச்சு எடுத்து வார்க்கிறோம். அடிப்பாகம், தண்டு, தட்டு, மேலே அன்னம் எல்லாம் தனித்தனி. கடைந்து மெருகேற்றித் திருகிச் சேர்ப்போம். கழற்றித் துலக்கலாம், பையில் போட்டு ஊருக்கும் கொண்டுபோகலாம்” என்றார். உடனே, “இதையெல்லாமா எழுதுவார்கள்?” என்று அவருக்கே கூச்சம். அதைத்தான் எழுதினோம். உயரமும் எடையும் முகங்களின் எண்ணிக்கையும் பக்கத்தின் உச்சிக்குப் போயின. பெருமிதத்துக்கு இடம் இல்லாமல் போய்விட்டது.

அடுத்த கோளாறு பொத்தான்களில். கடைக்குள் கால் வைத்தவரை “வாருங்கள், உட்காருங்கள்” என்று நாற்காலி இழுத்துப் போடுகிற அதே முதலாளி, திரையில் ‘வாங்கு’ என்கிறார், ‘தேடு’ என்கிறார், ‘சமர்ப்பி’ என்கிறார். விளக்கு வாங்க வந்தவர் எதைச் சமர்ப்பிப்பது, தாலுகா ஆபீசில் மனுவா? சரி, மரியாதைக்கு ‘வாங்குங்கள்’, ‘சமர்ப்பியுங்கள்’ என்று நீட்டினால் சின்னப் பொத்தானில் எழுத்து அடங்காது. நம் பெயர்ப்பலகைகளும் நோட்டீசுகளும் எப்போதோ இதற்கு வழி கண்டுவிட்டன: ‘விலை அறிய’, ‘முன்பதிவு செய்ய’, ‘தொடர்புகொள்ள’. அதட்டலும் இல்லை, குழைவும் இல்லை.

பாரம்பரிய அரிசி விற்பவர்களுக்கு வேறு ஆசை. ‘சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் மாப்பிள்ளைச் சம்பா’ என்று எழுதிவிடுகிறார்கள். உணவைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணயச் சட்டத்தின் 53ஆவது பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சட்டம் கிடக்கட்டும், வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது சமையல். இரவே ஊறப்போட வேண்டும், வெள்ளை அரிசியைவிடத் தண்ணீரும் நேரமும் கூடுதலாகக் கேட்கும், கஞ்சிக்கும் இட்லிக்கும் ஆகும் என்று மூன்று வரி போதும். அது தெரியாமல் நேராகக் குக்கரில் போட்டவர்தான் ‘அரிசி வேகவே இல்லை’ என்று ஒற்றை நட்சத்திரம் வைத்துவிட்டுப் போகிறார்.

‘உலகத் தரம்’, ‘நம்பிக்கையின் மறுபெயர்’ போன்றவற்றைப் பற்றிப் பேசி நேரத்தைக் கடத்த வேண்டாம். அவற்றை அடித்து நீக்கிவிடுங்கள்.

ஊர்ப் பெயர் மட்டும் கவனம். ‘குடந்தை’ அழகான சொல்தான், ஆனால் வெளியூர்க்காரர் தேடுவது கும்பகோணம். மாயவரம் என்று இன்றும் வாய் நிறையச் சொல்கிறோம். முகவரியில் மயிலாடுதுறை என்றே இருக்கட்டும். 2020இல் அது சீர்காழியையும் சேர்த்துத் தனி மாவட்டமான பிறகும், பழைய லெட்டர்பேடைப் பார்த்து ‘நாகப்பட்டினம் மாவட்டம்’ என்றே ஏற்றியிருக்கும் தளங்களைப் பார்க்கிறேன். “சீர்காழியில்தானே கடை என்றார்கள், நான் நாகப்பட்டினத்தில் நிற்கிறேனே” என்று ஒருவர் தொலைபேசியில் கேட்டால், கல்லாவில் இருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும்.