தலைப்பை வெட்டிவிட்டுக் கொடுங்கள்: எழுத்து வகைகளைக் கற்பிக்க ஒரு வழி

கதை, கட்டுரை, கடிதம், செய்தி, விளம்பரம் என்று கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இலக்கணம் சொல்லிப் பாடத்தைத் தொடங்காதீர்கள். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆனால் தலைப்பில்லாத ஒரு பத்தியை நீட்டினால் திருதிருவென விழிப்பார்கள். என் வகுப்பில் பெயர்கள் கடைசியில்தான் வரும்.

முதலில் பத்துப் பன்னிரண்டு துண்டுகளைச் சேர்த்து வையுங்கள். செய்தித்தாளில் ஒரு பகுதி, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், சமையல் குறிப்பு, சிறுகதையில் ஒரு பக்கம், அறிவிப்பு, விளம்பரம், அறிவியல் புத்தகத்தின் ஒரு பத்தி, பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம். தலைப்பையும் படத்தையும் கட்டாயம் வெட்டிவிடுங்கள். படம் இருந்தால் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள், எழுத்தைப் படிக்கவே மாட்டார்கள். குழுவுக்கு ஒரு கட்டு கொடுத்து, "ஒன்றுபோல இருப்பதைச் சேர்த்து வையுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு கேள்வி: "படித்து முடித்ததும் நாம என்ன செய்யணும்னு இதை எழுதினவர் நினைக்கிறார்?" செய்து பார்க்கவா, தெரிந்துகொள்ளவா, ஒப்புக்கொள்ளவா, வாங்கவா, ரசிக்கவா? யார் பதில் சொன்னாலும் ஆதாரமான வரியை அடிக்கோடிட்டுக் காட்ட வேண்டும். "பார்த்தாலே தெரியுது சார்" என்பதை நான் பதிலாக ஏற்பதில்லை.

ஆதாரம் பெரும்பாலும் வினைமுற்றில் இருக்கும். குடையைப் பற்றி நான் பலகையில் எழுதும் வரிகள் இவை:

வாசல் வரை வந்தவள் குடை நினைவுக்கு வர, திரும்பி ஓடினாள்.
குடையின் கம்பிகள் நடுத்தண்டோடு இணைந்திருக்கும்.
ஈரக் குடையை விரித்து வைத்து உலர விடவும்.
பள்ளியில் பொதுக் குடைகள் வைக்க வேண்டும். ஏனென்றால் மழை சொல்லிவிட்டு வருவதில்லை.

ஓடினாள், இருக்கும், விடவும், வேண்டும். பொருள் ஒன்றுதான், வினை மாறியதும் வகை மாறிவிட்டது. இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும் வரை பொறுத்திருங்கள்.

சிக்கல் வருவது கதைக்கும் செய்திக்கும் நடுவில். இரண்டிலும் ஆட்கள் உண்டு, இரண்டும் இறந்தகாலத்தில் நடக்கும். அங்கே கத்தரிக்கோலை எடுங்கள். கடைசிப் பத்தியை வெட்டிவிட்டு மீதியைப் படிக்கச் சொல்லுங்கள். வழக்கமான செய்தி தாங்கும். முக்கியமானதை முதல் வரியிலேயே சொல்லியிருப்பார்கள், இடம் போதாவிட்டால் ஆசிரியர் குழுவே அடியிலிருந்துதான் வெட்டும். கதையோ அந்தரத்தில் நின்றுவிடும். இன்னொரு சோதனை, வாக்கியங்களைத் தனித்தனியாக வெட்டிக் கலைப்பது. செய்முறையைக் கலைத்தால் வேலை கெட்டுப்போகும். கொதிக்க வைத்த பிறகா அடுப்பைப் பற்ற வைப்பது? ஓர் அறையின் வருணனையைக் கலைத்தாலும் பெரும்பாலும் அறை அப்படியே தெரியும். இந்த இரண்டு சோதனைகளுக்கும் ஒரு முழு வகுப்பை ஒதுக்குங்கள். பிள்ளைகள் தாங்களாகவே அடுத்த துண்டைக் கேட்பார்கள்.

சரி, இப்போது பெயர்கள். எகோன் வெர்லிஹ் என்ற மொழியியலாளர் 1976இல் ஐந்து அடிப்படை வகைகளைச் சொன்னார்: வருணனை, கதைசொல்லல், விளக்கம், வாதம், அறிவுறுத்தல். தொடக்கத்துக்கு இவை போதும். கடிதம், அறிவிப்பு எல்லாம் வடிவங்கள்; ஒரு கடிதத்துக்குள் கதையும் வரலாம், வாதமும் வரலாம். அதனால் "இது எந்த வகை?" என்பதைவிட "இந்தப் பத்தி எந்த வகை?" என்று கேட்பது நல்லது.

கடைசியாக, செய்தி போலவே அச்சான ஒரு விளம்பரத்தைக் கொடுங்கள். 'விளம்பரம்' என்று ஓரத்தில் பொடி எழுத்தில் இருப்பதையும் வெட்டிவிட்டுக் கொடுங்கள். குறையே சொல்லாத பாராட்டு, ஒரே பொருளின் பெயர் திரும்பத் திரும்ப வருவது, முடிவில் தொலைபேசி எண். யாராவது ஒருவர் கை தூக்குவார். ஏன் சந்தேகம் வந்தது என்று அவரையே பலகைக்கு வந்து விளக்கச் சொல்லுங்கள்.

தேர்வில் "கதை என்றால் என்ன?" என்று கேட்க வேண்டாம். பார்க்காத ஒரு பத்தியைக் கொடுத்து, வகையையும் அதைக் காட்டிக்கொடுத்த இரண்டு சொற்களையும் எழுதச் சொல்லுங்கள். சொற்களுக்குத்தான் அதிக மதிப்பெண்.